பக்கத்து வீட்டுப் பாம்புக்கு ஒரு மரம்

எண்பத்தேழு அக்டோபரில் அடித்த பெருங்காற்றில் எங்கள் தெருவில் மூன்று மரங்கள் விழுந்தன. பூங்காவில் பதினொன்று. காற்று ஓய்ந்ததும் போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்தேன். எண்ணுவது என் தொழில். கொழும்பிலும் பிறகு லண்டனிலும் கட்டடங்களுக்கு அளவெடுத்து, எத்தனை கதவு, எத்தனை செங்கல், எவ்வளவு சீமெந்து என்று கணக்குச் சொல்லியே பிழைத்தவன். இப்போது ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பஸ்ஸுக்கு நின்றால் முன்னால் நிற்கிற தலைகளை எண்ணுகிறேன். எண்ணாவிட்டால் ஏதோ ஒன்று குறைந்துபோய்விட்டது போல மனம் அடித்துக்கொள்ளும்.

லண்டன் ஹரோவில் எங்களுடையது இரட்டை வீடு. ஒரு கூரை, நடுவில் ஒன்பது அங்குலச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் தனியே இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதுவரை அவரோடு மழையையும் குப்பைவாளியையும் தவிர எதையும் பேசியதில்லை. காற்று அடித்த அந்த வாரம் அவர் தடியை ஊன்றிக்கொண்டு வேலியடிக்கு வந்தார். இடுப்பு வருத்தம் கூடிவிட்டதாம், பூங்கா வரை நடக்க முடியாதாம். விழுந்த மரங்களிலிருந்து ஒரு நல்ல கிளை கொண்டுவந்து தரமுடியுமா என்று கேட்டார். எதற்கு என்றேன். பாம்புக்கு என்றார்.

ஆறு மாதமாக வளர்க்கிறாராம். ஆறு மாதமாக எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அப்பால் ஒரு பாம்பு. தண்ணீர்க் குழாய்கள் சுவரைத் துளைத்துப் போகிற இடங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

அவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பழைய உடுப்பு அலமாரி ஒன்றை நிமிர்த்தி வைத்து, முன்புறம் கண்ணாடி போட்டு, உள்ளே சூட்டுக்கு ஒரு பல்பு கொழுவியிருந்தார். பாம்பு செம்மஞ்சள் நிறம். என் சுண்டுவிரல் தடிப்பு இருக்கும். நஞ்சில்லாத அமெரிக்கச் சாதி, மரம் ஏறுகிற சாதி என்றார். ஏறுவதற்கு அவர் வைத்திருந்தது வீடு கூட்டுகிற ஒரு பழைய தும்புத்தடியின் கம்பு. அது வழுவழுவென்று இருந்தது. பாம்பு பாதி ஏறும், வழுக்கும், விழும். கொஞ்ச நேரம் கிடந்துவிட்டுத் திரும்ப ஏறும். நான் நின்ற நேரத்துக்குள் நான்கு முறை விழுந்தது.

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். அலறுவாள், வீடு மாறவேண்டும் என்பாள் என்று நினைத்தேன். அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

"உயிரோடையோ?"

"ஓம்."

"எங்கட சுவருக்கு அங்காலையோ?"

"ஓம் எண்டுறன்."

அவள் அழத் தொடங்கினாள். ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருடம். மூன்று முறை வயிற்றில் தங்கி மூன்று முறையும் நிற்கவில்லை. கடைசியது ஏழாம் மாதம் வரை வந்து, மூச்சில்லாமல் பிறந்தது. அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. டொக்டர்மார் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் மாமி, அவளுடைய அம்மா, ஒரு சாத்திரியிடம் எங்கள் குறிப்புகளைக் கொடுத்திருந்தார். அவர் காரணம் சொன்னார். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் நாக தோசம். விசாரித்தால் உண்மைதான், நான் பிறக்க முன்னர் எங்கள் வளவில் கிணறு வெட்டியபோது, கூலிக்கு வந்தவர்கள் இரண்டு நாகங்களை அடித்துக் கொன்றிருக்கிறார்கள். பரிகாரம், நாகதம்பிரான் கோயிலில் அரசும் வேம்பும் நிற்கிற இடத்தில் கல்லில் இரண்டு நாகம் செய்து வைப்பது. மாமி கல்லுக்கும் சொல்லிவிட்டார். கல் செதுக்கி முடிகிற நேரம் ஊரில் சண்டை மூண்டது. அந்த அக்டோபர்தான். கோயில் பக்கம் போகிற பாதை இல்லை, தொலைபேசி இல்லை, மாமி எந்த அகதி முகாமில் என்றுகூடத் தெரியாது. மனைவி லண்டனில் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய் நின்றுவிட்டு வருவாள். வந்து, கல் இரண்டும் எங்கே கிடக்குதோ என்பாள்.

எனக்குத் தோசத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் மூன்று என்ற எண்ணை வைத்துக்கொண்டு அவளோடு வாதாட எனக்குத் துணிவும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "இஞ்சருங்கோ. அந்தக் கொப்பை நீங்கள்தான் செய்து குடுக்கவேணும். வேற ஆள் செய்யக்கூடாது."

"நானெண்டால் என்ன, ஆரெண்டால் என்ன?"

"உங்கட வளவிலதானே அடிச்சவை. அங்க கல்லு நாகத்துக்கு மரத்தடி தேடுறம். இது உயிரோட தானா வந்து பக்கத்தில நிக்குது. மரம் மட்டும்தான் இல்லை."

அது அமெரிக்கப் பாம்பு, எங்கள் வளவை அதற்குத் தெரியாது என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பூங்காவிலிருந்து ஏழு கொப்புகள் கொண்டுவந்தேன். நாலு ஓக், இரண்டு ஆப்பிள், ஒன்று ஹேசல். பைன் மரம் தொடவேண்டாம், பிசின் பாம்புக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். கொப்பு பாம்பின் உடம்பிலும் கொஞ்சம் தடிப்பாக இருக்கவேண்டும். பட்டை சொரசொரப்பாக இருக்கவேண்டும். கொப்பு இரண்டாகப் பிரிகிற கவர் இருந்தால் நல்லது, அதில் சுருண்டு படுக்கும். உக்கினதை வெட்டி எறிந்தேன். கூரான முனைகளை அரத்தாளால் தேய்த்தேன். குளியல் தொட்டியில் கொதிநீர் ஊற்றி ஊறவைத்து, தும்புத் தூரிகையால் பாசியையும் பூச்சி முட்டையையும் உரஞ்சிக் கழுவினேன். பிறகு அவணில் வைத்து மெல்லிய சூட்டில் காயவைக்கவேண்டும், உள்ளே இருக்கிற பூச்சி சாகும். மனைவியின் அவண். மீன், இறைச்சி என்று மச்சம் பட்ட தட்டைக்கூட அதற்குள் விடாதவள், தானே கதவைத் திறந்து பிடித்தாள். வீடெல்லாம் சுட்ட மர வாசம். நீளமான கொப்பு உள்ளே போகவில்லை, கதவை ஒரு சாண் திறந்துவைத்துப் பக்கத்தில் கதிரை போட்டுக் காவல் இருந்தேன். தீப்பிடித்துவிடும் என்ற பயம் எனக்கு. அவள் வந்து வந்து பார்த்தாள். அந்த வீட்டில் நாங்கள் இரண்டுபேரும் ஒரு வேலையைச் சேர்ந்து செய்தது, தொட்டில் அறை என்று நினைத்து ஒரு அறைக்குப் பெயின்ற் அடித்ததற்குப் பிறகு, அதுதான்.

ஏழில் மூன்று தேறியது. அவள் மூன்றுக்கும் மஞ்சள் பூசினாள். வேண்டாம், அந்தாள் என்னென்று கேட்கும் என்றேன். அவர் கேட்கத்தான் செய்தார். எங்கள் நாட்டில் கிருமிக்குப் பூசுவது என்றேன். அதுவும் பொய்யில்லை.

பால் கொடுத்தனுப்பினாள். பாம்பு பால் குடிக்காது என்றார் அவர். பிறகு குடிக்குமாம் என்று அவளுக்குச் சொன்னேன். அது தின்பது செத்த எலிக்குஞ்சு என்று அறிந்தபோது அவள் முகம் ஒருமாதிரிப் போனது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர் என்னத்தையும் சாப்பிடட்டும், எங்களுக்கென்ன" என்று பாம்பை மரியாதையாகச் சொன்னாள். பாம்பு பெண் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அதையும் சொன்னேன். "பெண்ணெண்டால் இன்னும் நல்லது" என்றாள்.

கொப்பின் முனையில் துளையிட்டு, அலமாரிப் பலகையின் வெளிப்பக்கத்திலிருந்து ஆணி முறுக்கிப் பொருத்தினேன். உள்ளே ஒரு ஆணிமுனையும் நீட்டக்கூடாது, பசையும் வாணிசும் கூடாது. மூன்றாவது கொப்பை எடுத்தபோதுதான் கண்டேன். சின்னக் கவர் ஒன்றில் அவள் ஒரு தொட்டில் கட்டியிருந்தாள்.

பிள்ளை வேண்டிப் போகிற பெண்கள் கோயில் மரத்தில் அப்படிக் கட்டுவார்கள். உள்ளங்கை அளவு துணி, இரண்டு பக்கமும் முடிச்சு. சிலர் உள்ளே சின்னக் கல்லோ மரப்பாவையோ வைப்பார்கள். இதில் ஒன்றும் இல்லை. துணி அரக்குப் பட்டு. எனக்குத் தெரிந்த பட்டு. தாலி கட்டும்போது அவள் உடுத்த கூறைச்சேலையின் உட்தலைப்பு.

அவர் இது என்ன என்று கேட்டார். வேண்டுதல் என்பதற்கு இங்கிலீசில் நான் சொல் தேடிக்கொண்டிருக்க, அவரே, ஓ, ஊஞ்சல் படுக்கையா, உங்கள் மனைவி கெட்டிக்காரி என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

நாலைந்து நாளில் சுவரில் தட்டிக் கூப்பிட்டார். இரண்டுபேரும் போனோம். பாம்பு மூன்று கொப்பும் ஏறி, தொட்டிலுக்குள் சுருண்டு, தலையை மட்டும் விளிம்பில் வைத்துக்கொண்டு படுத்திருந்தது. துணி மெதுவாக ஆடியது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறு மாதமாக அது விழுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். மனைவி கை கூப்பினாள். வீட்டுக்கு வந்ததும் பாயாசம் காய்ச்சினாள். ஏற்றுக்கொண்டாச்சு என்றாள்.

தையில் அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. மாசியிலும் வரவில்லை. அவள் எனக்குச் சொல்லவில்லை. எண்ணுகிற மனிதனுக்குச் சொல்லவேண்டியதில்லை என்று அவளுக்கும் தெரியும். மாடிப்படியில் மெல்ல இறங்கினாள். பாரமான எதையும் தூக்கவில்லை. நான் ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து நேரத்துக்கு வந்தேன். பெயின்ற் அடித்த அறையின் யன்னலை ஒருநாள் திறந்துவிட்டிருந்தாள்.

பங்குனியில் டொக்டரிடம் போனோம். சோதித்துவிட்டு, வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். சிலருக்கு இப்படி முன்னதாகவே நின்றுவிடும், இனி வராது என்றார். நல்ல பெண். மெதுவாகத்தான் சொன்னார்.

பஸ்ஸில் மேல்தட்டில் இருந்தோம். எங்களோடு ஆறுபேர். வீட்டுக்குக் கிட்ட வந்தபோது அவள் சொன்னாள்.

"நான் அதை வெறுமையா விட்டிருக்கக்கூடாது. ஒரு கல்லாவது வைச்சிருக்கவேணும். வெறுமையா இருந்தபடியால அது வந்து படுத்திட்டுது."

"அது ஒரு பாம்பு. சூடா, மெதுவா இருந்த இடத்தில படுத்தது."

"ஓம். இனி அங்க இடமில்லை."

படித்தவன் நான். நோயைப் பற்றியும் வயதைப் பற்றியும் சொல்ல எவ்வளவோ இருந்தது. அந்தத் தொட்டிலை அவிழ்த்துக்கொண்டு வாறன் என்று மட்டும் சொன்னேன். அவள் இறங்குவதற்கு மணியை அமுக்கினாள்.

பின்னேரம் கத்தரிக்கோலைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர் கதவைத் திறந்தபோதே முகம் மலர்ந்திருந்தது. வாசலிலேயே ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். பாம்பு சட்டை கழற்றியிருந்தது. முதல் தடவையாக, கிழியாமல், மூக்கிலிருந்து வால்வரை ஒரே துண்டாக. முன்பு துண்டு துண்டாகக் கண்ணில் ஒட்டிக்கொண்டு வருத்தப்படுத்துமாம். உங்கள் ஓக் பட்டையில் உரஞ்சித்தான் இப்படி வந்தது என்று என் தோளைத் தட்டினார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அது வளர்ந்துவிட்டது, பாதி உடல் வெளியே தொங்குகிறது, உங்கள் மனைவி கொஞ்சம் பெரிதாக ஒன்று தைத்துத் தருவாரா?

எட்டிப் பார்த்தேன். அது தொட்டிலில்தான் இருந்தது, புதுத் தோல் மினுங்க. கத்தரிக்கோல் தொடையில் குத்தியது. கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மனைவி குசினியில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். என் வெறுங்கையைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். கடைசியாக அவர் கேட்டதையும் சொன்னேன், சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பாதியில் தோன்றியது. அவள் இன்னும் ஒரு பிடி காய் முறித்தாள்.

"எவ்வளவு பெரிசு வேணுமாம்?"

கையை விரித்து ஒரு சாண் காட்டினேன்.

அவள் எழும்பிக் கை கழுவிக்கொண்டு மேலே போனாள். கூறைச்சேலையோடு வந்தாள். அதை வெட்டாதையும், வேற துணி இல்லையா என்றேன். "வெட்டத் தொடங்கியாச்சு" என்றாள். ஒரு நுனியை நான் இழுத்துப் பிடிக்க அவள் நேராக வெட்டினாள். விளிம்பு மடித்து இரட்டைத் தையல் போட்டாள்.

"கிடக்கட்டும்" என்றாள் ஊசியைப் பார்த்துக்கொண்டு. "அதுக்கெண்டாலும் உதவட்டும். வளர வளரப் பாரம் கூடும், இறுக்கித் தைக்கவேணும்."

அதற்குப் பிறகு அவள் நாகதம்பிரான் என்றோ கல் என்றோ பேசியதில்லை. மாமி உயிரோடு இருப்பதாகக் கடிதம் வந்தபோதும் கல்லைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்குப் போவாள். அழுக்கான தொட்டிலைக் கழுவி வெயிலில் போடுவாள். பாம்பு நீண்டது, நான் தடிப்பான கொப்புகள் தேடிப் பொருத்தினேன், அவள் பெரிய தொட்டில்கள் தைத்தாள். தொண்ணூறுகளின் நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் கடற்கரை ஊரில் இருந்த மகளோடு இருக்கப் புறப்பட்டார். அலமாரியை இரண்டுபேர் தூக்கி வான் வண்டியில் ஏற்றினார்கள். மனைவி, மாற்றிக் கட்டுவதற்கு என்று ஒரு தொட்டிலைக் கடதாசியில் சுற்றி, முன் இருக்கையில் இருந்த அவர் மடியில் வைத்தாள். வான் போன பிறகு அவள் அந்த வீட்டுப் பக்கச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். நான் கண்டதை அவள் காணவில்லை.

மூன்று வருடம் கழித்து அவள் போனாள். வயிற்றில்தான் வருத்தம் தொடங்கியது.

புருசன் உயிரோடு இருக்கச் சாகிறவளுக்குக் கடைசியில் கூறைச்சேலை உடுத்துவது எங்கள் வழக்கம். லண்டனுக்குத் தெற்கே சட்டனில் இருந்து அவளுடைய தங்கச்சி வந்து, தகனத்துக்கு முதல்நாள் அலமாரியிலிருந்து சேலையை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். விரித்தவள் அப்படியே நின்றாள்.

"அத்தான், எலி கடிச்சிட்டுதோ?"

குனிந்து பார்த்தாள்.

"இல்லை, இது கத்தரிக்கோலால வெட்டினது. துண்டு துண்டா எடுத்திருக்கு. எத்தினை எண்டு…"

"அஞ்சு" என்றேன்.

அவள் இன்னும் எண்ணத் தொடங்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் யன்னல் பக்கம் போனேன். வெட்டுப்பட்ட பக்கத்தைக் கையால் தடவித் தடவி நீவிவிட்டாள்.

"உள்ளுக்கு மடிச்சு உடுத்திவிடுறன். வெளியில தெரியாது."

அடுத்த நாள் மண்டபத்தில் எல்லோரும் வர முன்னர் நான் அவள் கிடந்த பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். தெரியவில்லை.