ரத்னபாயின் இடங்கை வில்

வெள்ளறடையிலிருந்து மலையைப் பார்த்து ஏறுகிற வண்டிப்பாதையில், மிஷன் பள்ளிக்கூடத்தையும் தாண்டி ரத்னபாயின் விளை இருந்தது. சொந்த விளை இல்லை. பெருங்கடவிளை நமச்சிவாயம் பிள்ளையிடம் பாட்டத்துக்கு எடுத்தது. அதில் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு நட்டிருந்தாள். கொல்லம் ஆயிரத்து எண்பத்தைந்தாம் ஆண்டு, கிழங்கு திரண்டு வந்த நேரத்தில் காட்டுப்பன்னிகள் இறங்கி, அவளுக்கு முன்பே அறுவடையை முடித்துவிட்டன. விடிந்து போய்ப் பார்த்தபோது விளை உழுது போட்டதுபோலக் கிடந்தது. அந்த வருடம் வீட்டில் பெரும்பாலும் கஞ்சித் தண்ணீர்தான்.

அவளுடைய கணவன் சத்தியராஜ் பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவன். அங்கே வெட்டிப்போட்ட மரத்தடி ஒன்று உருண்டு முழங்காலில் ஏறியதில் வலது கால் மடங்காமல் போயிற்று. அவனால் காவல் பரணில் ஏறவும் முடியாது, பன்னியை விரட்டி ஓடவும் முடியாது. துப்பாக்கி என்றால் சர்க்கார் லைசென்ஸ் வேண்டும். சுற்றுவட்டத்தில் அது நமச்சிவாயம் பிள்ளையிடம் மட்டும் இருந்தது. விளை அழிவதற்கு முன்பே கேட்டதற்கு அவரும் மறுக்காமல் ஒருநாள் வந்தார். உச்சிவெயில் வரை இருந்து, இளநீர் குடித்து, வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்துவிட்டுப் போனார். பன்னிகள் அடுத்த வாரம் வந்தன.

மறு வருடம் மேட மாதத்தில், அதாவது சித்திரையில், மீண்டும் மரச்சீனிக் கம்பு நட்டு முடித்த அன்று, கை கழுவிக்கொண்டே அவள் கணவனிடம் சொன்னாள்:

"எனக்கு ஒரு வில்லு வேணும்."

"வில்லா? கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டுப் பாடப் போறியா?"

"பன்னி அடிக்கதுக்காக்கும்."

சத்தியராஜ் சிரிக்கவில்லை. அவளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியும். ரத்னபாயின் அப்பா உப்பும் கருவாடும் சுமந்து மலைவாசிகளான காணிக்காரர் குடிகளுக்கு விற்கப் போகிறவர். சிறு வயதில் அவளும் கூடப் போவாள். அங்குள்ள பிள்ளைகளோடு சேர்ந்து காட்டு மாங்காயை அம்பெய்து விழத்தட்டிய கதையை அவனிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

"நாட்டுக்காரங்க சிரிப்பாங்க, பிள்ளே. சபையில என்ன சொல்லுவாங்க?"

"சிரிக்கட்டும். சிரிக்கிறவனுக்க விளையில பன்னி எறங்கல்லியே."

அடுத்த நாளே அவள் பாறசாலைக்கு நடந்தாள். அங்கே கனகதாஸ் என்றொரு தச்சர் இருந்தார். மாட்டுவண்டிச் சக்கரம் கட்டுவதும், மிஷன் பங்களாவின் குதிரைவண்டியைப் பழுதுபார்ப்பதும் அவருடைய தொழில். வில் செய்ததே இல்லை. அவள் கேட்டதும் சற்று நேரம் உத்தரத்தையே பார்த்தார். பிறகு ஏணி போட்டு ஏறி, அங்கே செருகி வைத்திருந்த ஒரு நீண்ட கம்பை எடுத்துக்கொண்டு இறங்கினார். பங்களாவுக்குக் கப்பலில் வந்த பழைய குதிரைவண்டியின் ஏர்க்கால் அது. ஒரு முனை உடைந்திருந்தது. மஞ்சள் நிறம், நேரான இழை. தரையில் ஊன்றி வளைத்தார். விட்டதும் விசுக்கென்று நிமிர்ந்தது.

"இதுக்க பேரு எனக்கு அறியாது. நம்ம நாட்டு மரம் இல்ல. ஆறு வருசமா வச்சிருக்கேன், அடுப்புல போட மனசு வரல்ல. கைப்பிடிக்கு ஈட்டி மரத் துண்டு ஒண்ணு உண்டு, பங்களாவுல உடைஞ்ச நாற்காலிக்க கையி. போதுமா?"

"கொள்ளாம் அண்ணே. நான் என்ன தரணும்?"

"மொதப் பன்னியில ஒரு தொடை கொண்டு வா."

கயிற்றால் அவள் கையின் நீளத்தை அளந்தார். உள்ளங்கையை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். உத்தரத்தில் கயிறு போட்டு, ஒரு முனையில் கூடையைக் கட்டிக் கல் நிரப்பி, மறுமுனையை இழுக்கச் சொன்னார். எவ்வளவு பலத்தில் வில் செய்யலாம் என்று பார்க்கத்தான்.

"எந்தக் கையால இழுப்ப?"

"வலது கையி" என்றாள் ரத்னபாய்.

அது உண்மையில்லை. அவள் பிறவியிலேயே இடதுகைக்காரி. பள்ளிக்கூடத்தில் பீச்சாங்கையால் எழுதியதற்கு விரல் முட்டியில் அடி வாங்கியவள். கல்யாணமாகி வந்த புதிதில், பந்தியில் இடது கையால் பரிமாறப் போய் மாமியார் வாயிலும் விழுந்தாள். அதிலிருந்து நாலுபேர் முன்னால் அவள் வலதுகைக்காரிதான். தச்சரின் பட்டறையில் கூலிக்காரர்கள் இரண்டுபேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலது கையால் இழுத்தாள். கூடை கொஞ்சம்தான் எழும்பிற்று. கனகதாஸ் சில கற்களை எடுத்து வெளியே போட்டார்.

மிதுன மாத மழையில் வில் தயாராயிற்று. பார்க்க அழகாக இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் வளைய வேண்டும் என்று அவர் கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டி எடுத்திருந்தார். ஆனால் விளையில் வைத்து எய்தபோது ஒன்றும் சரிப்படவில்லை. வாழைத்தண்டை நோக்கி விட்ட அம்பு வரப்பில் குத்திற்று. அடுத்தது தென்னையைத் தாண்டிப் போயிற்று. ஒரு வாரம் முயன்றாள். அம்பில் வேகமும் இல்லை, குறியும் இல்லை. வேலியில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ வில்லைச் சுவரில் சாய்த்துவிட்டு, கோபத்தில் விறகு கீறப் போனாள்.

வாசலில் உட்கார்ந்து மூங்கில் குச்சிகளை அம்புக்குச் சீவிக்கொண்டிருந்த சத்தியராஜ் அவளையே பார்த்தான்.

"ரத்னம், இப்ப கோடாலி எந்தக் கையில இருக்கு?"

அவள் குனிந்து பார்த்தாள். கோடாலி இடது கையில் இருந்தது.

"கனகதாசண்ணன்கிட்ட என்ன சொன்ன?"

"வலது கையின்னு."

"எதுக்கு?"

"ஆளுங்க நின்னாங்க. வெக்கமா இருந்து."

"நமக்குக் கெழங்கு வேணும் பிள்ளே. அது எந்தக் கையால வந்தா என்ன? நாளைக்கே போ. நானும் வாறேன்."

மடங்காத காலோடு அவன் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம் என்று அவள் தடுத்தும் கேட்கவில்லை. தெரிந்த ஒருவரின் மாட்டுவண்டியில் ஏறிப் போனார்கள். விஷயத்தைக் கேட்டதும் கனகதாஸ் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"பொய் சொன்ன கைக்கு உள்ள வில்லையாக்கும் நான் செய்து தந்திருக்கேன்! வா, இழு."

இடது கையால் அவள் இழுத்தபோது கூடை விறுவிறுவென்று உத்தரத்தைத் தொடப் போயிற்று. வெளியே போட்ட கற்களையெல்லாம் திரும்பப் போட்டு, மேலும் இரண்டைச் சேர்த்தார். அந்தப் பலத்துக்கு ஏர்க்கால் மரம் மட்டும் தாங்காது என்றார். கரும்பனையின் வைரத்தை மெல்லிய பட்டையாகச் சீவி, வில்லின் முதுகில் வச்சிரப் பசை வைத்து ஒட்டினார். கைப்பிடியை வலது உள்ளங்கைக்கு ஏற்றபடி புதிதாகச் செதுக்கி, அம்பு தங்குகிற காடியை மறுபக்கம் வெட்டினார். மழைக்காலத்தில் பசை இளகும் என்பது தச்சர்களின் பயம். அதற்கு சத்தியராஜ் வழி சொன்னான். வில்லை வாங்கிப் போய், ஒட்டின இடமெங்கும் மெழுகு தேய்த்த நூலை நெருக்கமாகச் சுற்றி, மேலே அரக்கு உருக்கிப் பூசினான். நாணுக்குக் கற்றாழை நாரைத் திரித்ததும் அவன்தான். தோட்ட வேலை போனபிறகு அவன் அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து அவள் பார்த்ததில்லை.

துலாம் மாதத்தில் ஒருநாள் விடியற்காலை, தூறல் போட்டுக்கொண்டிருந்தபோது பன்னிகள் வந்தன. ரத்னபாய் பாறைக்குப் பின்னால் நின்றிருந்தாள். பெரியது ஒன்று முன்னால் வந்து மண்ணைக் கிளற ஆரம்பித்தது. முதல் அம்பு அதன் முதுகுக்கு மேலே போய்விட்டது. பன்னி தலையைத் தூக்கிற்று. இடது கை அவளைக் கேட்காமலே இன்னொரு அம்பை எடுத்து நாணில் வைத்தது. காது வரை இழுத்து விட்டாள். முன்காலுக்குப் பின்னால், சரியான இடத்தில் அம்பு இறங்கிற்று. பன்னி உறுமிக்கொண்டு ஓடி, ஓடைக் கரையில் விழுந்தது. மற்றவை காட்டுக்குள் சிதறின.

"விழுந்துட்டு! கேட்டியளா, விழுந்துட்டு!" என்று அவள் போட்ட சத்தத்தில் சத்தியராஜ் கம்பை ஊன்றித் தத்தித் தத்தி விளைக்குள் வந்தான்.

அன்று வேலியில் நின்று சிரித்தவர்கள் வீட்டிலும் இறைச்சி வெந்தது. கனகதாசுக்குச் சொன்ன பன்னித் தொடையைச் சத்தியராஜ் தானே வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தான். அந்த வருடம் மகர மாதத்தில் கிழங்கு பறித்தபோது குழியொன்றுக்கு ஒரு கூடை தேறிற்று.

மறு வருடம் நமச்சிவாயம் பிள்ளையின் வாழைத்தோட்டத்தில் பன்னி இறங்கிற்று. ஆள் அனுப்பியது பிள்ளை அல்ல, அவருடைய மனைவி நீலாம்பாள். ரத்னபாய் போனபோது அந்த அம்மாள் தானே தோட்டத்துக்கு இறங்கி வந்தாள்.

"இஞ்ச பாரு ரத்னம், நாங்க சைவக்காரங்க. எங்க தோட்டத்துல ரத்தம் விழப்பிடாது. கொல்லாம ஓட்ட முடியுமா?"

"முடியும் அம்மை. நாளைக்கு விடியும்போ வாறேன்."

இரும்பு முனைக்குப் பதிலாக உருண்டைக் கட்டை வைத்த அம்புகளைச் சத்தியராஜ் செய்து கொடுத்தான். மறுநாள் அவற்றால் விலாவிலும் பிட்டத்திலும் அடி வாங்கிய பன்னிகள் அலறிக்கொண்டு ஓடியதைப் பார்த்து, நீலாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சுற்றும்முற்றும் பார்த்தாள். யாரும் இல்லை.

"அத இஞ்ச தா. நானும் ஒண்ணு விட்டுப் பாக்கேன்."

ரத்னபாய் வில்லைத் தரையில் வைத்து விலகி நின்றாள். நீலாம்பாள் அதை எடுத்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வலது கையால் இழுத்தாள். பாதிகூட வரவில்லை.

"அம்மை, அது பீச்சாங்கைக்கு உள்ள வில்லாக்கும். மத்தக் கையால இழுங்க."

கை மாற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து விட்டாள். அம்பு பத்தடி தள்ளி ஒரு வாழையின் மடலில் போய் மோதி விழுந்தது.

"பட்டுது ரத்னம்! பட்டுது பாத்தியா?" என்று கத்தினாள் நீலாம்பாள். "இன்னொரு அம்பு எடு."