தண்ணீர் கேட்கும் அதிகாரி

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?”

சோதனைக்குப் போகிற இடத்தில் ஆரோக்கியசெல்வி முதலில் கேட்பது இதைத்தான். பில் புத்தகமும் சரக்குப் பதிவேடும் அப்புறம். வணிகவரி அதிகாரி தண்ணீர் கேட்கிறாரே என்று முதலாளி பதறி ஆளை விரட்டுவார். தண்ணீர் உள்ளே இருந்து வருகிறதா, பக்கத்துக் கடையிலிருந்து வருகிறதா, எத்தனை டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள் என்று இவர் பார்த்துக்கொண்டே நிற்பார். டம்ளர் கைக்கு வந்ததும் “தேங்க்ஸுங்க” என்று மேஜைமேல் வைத்துவிடுவார். ஒரு வாய் குடிக்கமாட்டார். அவருக்கான தண்ணீர் தோள்பையில் இருக்கிறது, மூடியை நூலால் கட்டிய ஒரு பழைய பாட்டிலில்.

“ஆளுங்க வேலை செய்யற எடம்னா தண்ணி இருக்கணும் சார். பேப்பருல மட்டும் கம்பெனி நடத்தறவனுக்குத் தாகமே எடுக்காது” என்பார் என்னிடம்.

சரி, கேட்டு வாங்கியதைக் குடித்தால்தான் என்ன? “இன்னிக்குத் தண்ணி, நாளைக்கு டீ, அப்புறம் பொண்ணுக்கு வளையலு. எங்க நிறுத்தறது? அதான் மொத டம்ளர்லயே நிறுத்திக்கினேன்.”

நான் விழுப்புரத்தில் வியாபாரிகளுக்கு வரிக்கணக்கு தாக்கல் செய்து பிழைக்கிறவன். அவரைக் கண்டால் என் கட்சிக்காரர்களுக்குப் பயம். எனக்கும்தான். ஜீப் இருந்தாலும் டவுன் பஸ்ஸில்தான் வருவார். ஜீப்பைத் தெருமுனையில் பார்த்ததுமே ஷட்டரை இழுத்துவிடுகிறார்களாம். மத்தியானம் டப்பாவிலிருந்து வறுத்த மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, உரித்துத் தின்பார். தோலைப் பழைய நோட்டீஸ் உறையில் போட்டு மடித்து வைப்பார், மேஜையில் ஒரு துணுக்கு இருக்காது. இந்த அம்மாளுக்கு ஈவிரக்கம் கிடையாது என்று நானே நாலு பேரிடம் சொல்லித் திரிந்திருக்கிறேன். என் வாயில் மண்ணைப் போட!

போன வருஷம் பிரம்மதேசம் பக்கத்துக் காலனியிலிருந்து குப்பம்மாள் என்ற விவசாயக் கூலி என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு நோட்டீஸ். ‘குப்பம்மாள் டிரேடர்ஸ்’ என்னும் பழைய இரும்பு நிறுவனம் நாற்பத்தோரு லட்சம் வரி பாக்கியாம். லோன் வாங்கித் தருவதாகச் சொன்ன எவனிடமோ ஆதாரையும் பான் கார்டையும் கொடுத்ததுதான் அந்த அம்மாள் செய்த ஒரே வியாபாரம். “எங்கிட்ட இருக்கற இரும்பு ஒரு களைக்கொத்திதான் சார்” என்றார். பேங்க் கணக்கு முடங்கியிருந்தது. நூறு நாள் வேலைக் கூலியும், மகள் இளவரசியின் நர்சிங் படிப்புக்குச் சேர்த்திருந்த முப்பத்தெட்டாயிரமும் அதற்குள். ஃபீஸ் கட்டாவிட்டால் அந்தப் பெண்ணைப் பரீட்சைக்கு விடமாட்டார்கள்.

விசாரிக்க ஆரோக்கியசெல்வி கிளம்பினார். நானும் கூடப் போனேன். நிறுவனத்தின் முகவரியில் இருந்தது ஒற்றை அறைத் தொகுப்பு வீடு. வழக்கம்போலத் தண்ணீர் கேட்டார். குப்பம்மாள் சொம்பை இரண்டு தரம் விளக்கி, வழிய வழியக் கொண்டுவந்தார். வழக்கம்போலவே இவர் வாங்கி, “தேங்க்ஸுங்க” என்று படியில் வைத்துவிட்டார்.

குப்பம்மாள் அந்தச் சொம்பையே பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், “கடையில கலரு சோடா வாங்கியாரட்டுங்களா மேடம்?” என்று கேட்டார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆரோக்கியசெல்விக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் கறுத்துப்போயிற்று. பஸ் ஏறித் திண்டிவனம் வந்தோம். இறங்கும்போதுதான் சொன்னார்: “எங்க வூட்டுக்கு வாத்தியாரு வந்தா எங்கம்மாவும் கலருதான் சார் வாங்கியாரும். நாங்களும் காலனிதான். எங்க வூட்டுத் தண்ணிய எவன் குடிச்சான்?”

அட பாவி மனுஷி, அங்கேயே ஒரு வாய் குடித்திருக்கலாமே என்றேன்.

“கேஸு முடியட்டும். தண்ணி குடிச்சிட்டுத்தான் வுட்டுட்டாங்கன்னு ஒருத்தன் சொன்னா, அந்தம்மாதான மாட்டிக்கும்?”

மறுநாளே பில்களில் இருந்த லாரி எண்களைப் பிடித்துக்கொண்டு அலைய ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் ஒரு டிரைவர் சிக்கினார். திண்டிவனம் பைபாஸில் தேவநாதன் குடோனில்தான் சரக்கு ஏற்றினேன் என்றார். அந்தத் தேவநாதனோ, குடோனை மூடி இரண்டு வருஷம் ஆகிறது, வாட்ச்மேன் ஒருத்தர்தான் இருக்கிறார் என்று சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார். நல்லவேளை, அவர் என் கட்சிக்காரர் இல்லை.

குடோனுக்குள் போனதும் ஆரோக்கியசெல்வி தண்ணீர் கேட்டார். வாட்ச்மேன் தண்ணீர் பிடித்த கேனுக்கு மேலே, சுவரில் ஓர் அட்டை தொங்கியது. கேன் போடுகிறவர் குறித்து வைக்கும் அட்டை. போன வாரம் வரை நாள் தவறாமல் ஐந்து கேன்.

“ஒரு வாட்ச்மேன் ஒரு நாளைக்கு நூறு லிட்டர் குடிக்கிறாருங்களா?”

கேட்ட கையோடு ஆரோக்கியசெல்வி பூட்டிக் கிடந்த பின்னறையைத் திறக்கச் சொன்னார். குப்பம்மாள் டிரேடர்ஸின் ரப்பர் ஸ்டாம்பும் பில் புத்தகங்களும் உள்ளே இருந்தன. சரக்கு தேவநாதனுடையது, பில் மட்டும் குப்பம்மாள் பெயரில். வாங்கினவர்கள் நம்பிக் கொடுத்த வரி மொத்தமும் தேவநாதன் பைக்குப் போயிருக்கிறது. கைதாகி, ஜாமீனில் வந்து, இதுவரை இருபத்து மூன்று லட்சம் கட்டியிருக்கிறார். மிச்சத்துக்குக் குடோன் ஜப்தியில் இருக்கிறது, வழக்கு கோர்ட்டில் நடக்கிறது.

குப்பம்மாள் கணக்கை விடுவிக்கும் ஆணை வந்தபோது ஃபீஸ் கட்ட நாலு நாள் பாக்கி இருந்தது. தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆரோக்கியசெல்வி கையிலேயே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். இளவரசி வாசலில் நின்று அதை உரக்கப் படித்தாள். அவள் படித்து முடிப்பதற்குள் குப்பம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு கடைக்குப் புறப்பட்டுவிட்டார்.

“கலரு வாணாம்மா” என்றார் ஆரோக்கியசெல்வி. “தாகமா இருக்குது. தண்ணி குடுங்க.”

தோள்பையில் அவருடைய பாட்டில் நிறைந்தே இருந்தது. சொம்பு வந்தது. படியில் உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, கழுத்தெல்லாம் வழிய மடக்மடக்கென்று ஒரே மூச்சில் குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, காலிச் சொம்பைக் குப்பம்மாளிடம் மறுபடி நீட்டினார்.