எழுந்திருக்காத சனிக்கிழமை

அந்த வீட்டில் எனக்கென்று ஒரு இடம் இருந்தது. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே, கார்பெட்டில், ஏசி காற்று நேராகக் கழுத்தில் வந்து படுகிற இடம். அங்கே நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எங்கள் ஊர் அணி ஜெயிக்கும் என்று அந்தச் செப்டம்பர் மாதம் நாங்கள் மூன்று பேரும் நம்பினோம். எங்கள் ஊர் என்று நான் சொல்வது ஹூஸ்டனை. நான் அங்கே படிக்க வந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

மூன்று பேர் என்றால் நான், அண்ணை, அக்கா. அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு ரசாயன ஆலையில் எஞ்சினியர், ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் வீடு. அவருடைய மனைவியைத்தான் அக்கா என்று கூப்பிட்டேன். பேர்லேண்ட் கோயிலுக்கு நண்பன் ஒருவனின் காரில் தொற்றிக்கொண்டு போன நாளில்தான் அண்ணையை முதலில் பார்த்தேன். உள்ளே அர்ச்சனை நடந்துகொண்டிருந்தது. வெளியே பார்க்கிங்கில் வேட்டி சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக ஒருவர் கார்க் கதவைத் திறந்து போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். கிரிக்கெட்டா என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"கிரிக்கெட்டை விட்டிட்டு வந்து ஏழு வருஷம், தம்பி. ஏறி இருங்கோ. இதுவும் பந்துதான்."

ஏறி உட்கார்ந்தேன். ரேடியோவில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அநேகமாக எல்லா வார இறுதியிலும் அவரே வந்து என்னைக் கூட்டிப்போவார்.

பேஸ்பால் எனக்கு ஏன் அவ்வளவு முக்கியமாகிவிட்டது என்று சொல்ல வேண்டும். விருதுநகர் பக்கம் ஒரு சிற்றூரில், அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவருக்குப் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. ஹூஸ்டனில் வகுப்பில் வாயைத் திறக்கவே பயம். பதில் தெரியும், உச்சரிப்புதான் வராது. சொல்லி முடிக்கும்போது எல்லோரும் "என்ன?" என்று திரும்பக் கேட்பார்கள். ஆனால் பஸ் டிரைவரிடம் நேற்றைய ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். அவர் "என்ன?" என்று கேட்கவில்லை, பத்து வார்த்தை திரும்பச் சொன்னார். அமெரிக்காவில் நான் பயமில்லாமல் பேசிய முதல் பேச்சு அது. பிறகு லேபில் கூட வேலை பார்த்தவர்கள் திங்கட்கிழமைகளில் என் மேசைக்கே வந்து பேச ஆரம்பித்தார்கள். அந்த அணி தோற்றுப்போனால் எனக்குப் பேச ஒன்றுமில்லாமல் போய்விடும் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அணி நன்றாக ஆடிய வருடம் அது. எங்களுக்கு மேலே ஒரே ஒரு கலிஃபோர்னியா அணி, அதுவும் ஓர் ஆட்டம்தான் முன்னால். பிரிவில் முதலாவதாக வருகிற அணிக்குத்தான் அக்டோபர் இறுதிச் சுற்றில் வேலை. இரண்டாவதாக வருகிறவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இடத்தை விட்டு எழக்கூடாது என்கிற விதி அமெரிக்கர்களிடம் கற்றதல்ல. எங்கள் ஊர் டீக்கடையில் டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் வர்ணனை கேட்கும்போது, நம் ஆட்டக்காரர்கள் நிலைத்து ஆடிக்கொண்டிருந்தால், கிளாஸைக் கீழே வைக்கக்கூட விடமாட்டார்கள். யாழ்ப்பாணத்திலும் அப்படியேதான் என்றார் அண்ணை. கடலின் இரண்டு பக்கத்திலும் இருந்த பைத்தியக்காரத்தனத்தை நாங்கள் பேர்லேண்டில் ஒன்றாகச் சேர்த்தோம். அண்ணைக்குச் சோபாவின் இடது ஓரம், அக்காவுக்குச் சமையலறை ஸ்டூல், எனக்குக் கார்பெட். ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது தொடங்கிவிட்டால் யாரும் அசையக்கூடாது.

அந்த விதியை நான் ஒருமுறை மீறினேன். எட்டாவது இன்னிங்ஸில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். தம்ளரை வாயில் வைப்பதற்குள் எதிரணிக்காரன் ஒருவன் பந்தை வேலிக்கு அந்தப் பக்கம் அடித்துவிட்டான். தோற்றோம். அதன் பிறகு ஒரு வாரம் அண்ணை எனக்குத் தண்ணீர் தரும்போதெல்லாம், "கவனமாக் குடியுங்கோ தம்பி, போன முறை எங்கட மானத்தையும் சேர்த்துக் குடிச்சிட்டியள்" என்பார். சிரிப்புத்தான். எனக்கு மட்டும் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து கடிதம் வந்தது.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல எழுதுவது என் தங்கை. நான் எழுதும் கடிதங்களை அவருக்குப் படித்துக் காட்டுவதும் அவள்தான். மதுரையில் கல்லூரியில் கணிதம் எடுத்து முதல் வருடம் முடித்திருந்தாள். இன்னும் இரண்டு வருடம் பாக்கி. கடிதத்தில் அப்பா சொல்லியிருந்தது இது: சாத்தூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை வந்திருக்கிறது, சொந்தமாக மளிகைக் கடை, நல்ல குடும்பம். படிப்பை நிறுத்திவிட்டு ஐப்பசியில் கல்யாணத்தை வைக்கச் சொல்கிறார்கள். புரட்டாசியில் தட்டு மாற்ற மாட்டார்கள் என்றாலும் வாய்ச்சொல்லாவது வேண்டும் என்கிறார்கள். இன்ன ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி பஸ்ஸில் போய்ச் சொல்லிவிட்டு வருவதாக இருக்கிறேன். அன்று காலை ஆறு மணிக்கு மருந்துக் கடைக்காரர் வீட்டில் இருப்பேன். நீ போனில் சொல்வதைப் பொறுத்துத்தான் எதுவும்.

கடிதத்தை மடித்து ஒட்டுகிற ஓரத்தில், பென்சிலில், பொடி எழுத்தில் தங்கை தன் பங்குக்கு எழுதியிருந்தாள். "அண்ணே, வேணாம்னு நீ லெட்டர்ல எழுதினா நானே சேர்த்துப் படிக்கிறேன்னு அப்பா நினைப்பாரு. உன் குரல்ல கேட்டாத்தான் நம்புவாரு. ரெண்டு வருசம் பொறுக்கச் சொல்லு. அது போதும்."

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அவள் படிக்க வேண்டும். என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறவள். வேண்டாம் என்று சொல்லப் போகிறேன் என்று கடிதத்தை மடிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஊரில் ஞாயிறு காலை ஆறு மணி என்றால் எங்களுக்குச் சனிக்கிழமை மாலை ஏழரை. அந்தச் சனிக்கிழமை எங்கள் அணி கலிஃபோர்னியாவில், அதே முதலிடத்து அணியோடு மோதுகிறது. ஆட்டம் எங்கள் நேரப்படி மூன்று மணிக்குத் தொடங்கும். எப்படியும் ஆறுக்கு முடிந்துவிடும். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் பேசலாம் என்று கணக்குப் போட்டேன். அண்ணையிடம், ஏழரைக்கு வீட்டுக்கு ஒரு போன் பேச வேண்டும் என்று மட்டும் சொன்னேன். இங்கேயிருந்தே பேசலாமே என்றார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தங்கையின் கல்யாணத்தை நிறுத்தப் போகிறேன் என்று அந்த வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தது.

ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. பேஸ்பாலில் சமன் என்று கைகுலுக்கிவிட்டுப் போக முடியாது. ஒருவர் ஜெயிக்கும்வரை இன்னிங்ஸ்மேல் இன்னிங்ஸாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். பத்தாவது போனது. பதினொன்று, பன்னிரண்டு. இரண்டு பக்கமும் பந்து வீசுகிற பிட்சர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கை எட்டிய தூரத்தில் இருந்த மிக்சர் பாக்கெட்டை எடுத்து எங்கள் பக்கம் வீசினாள். டிவிக்கு மேலே இருந்த கடிகாரத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பதின்மூன்றாவது இன்னிங்ஸ் முடியும்போது ஏழு இருபது. பதினான்காவதில் எதிரணிக்காரன் ஒருவன் மூன்றாவது பேஸ்வரை வந்து நின்றான், ரன்னுக்கு இன்னும் ஒரு ஓட்டம்தான் பாக்கி. அப்போது மணி சரியாக ஏழரை.

நான் முழங்காலில் கையை ஊன்றினேன். போன் சமையலறைச் சுவரில், அக்காவுக்குப் பின்னால், பத்தடி தூரத்தில் இருந்தது.

"ஒரு இன்னிங்ஸ் பொறுங்கோ தம்பி," என்றார் அண்ணை. அவர் கண் டிவியைவிட்டு நகரவில்லை. "வீடு எங்கயும் போகாது."

"அந்தப் பிள்ளையை விடுங்கோவன்," என்றாள் அக்கா. "வீட்டுக்குக் கதைக்கப் போறவரை மறிக்கிறதே?"

"பரவாயில்லக்கா," என்றேன். "இதோ முடிஞ்சிரும்."

அண்ணையை நான் குறை சொல்ல மாட்டேன். எதற்கான போன் என்று தெரிந்திருந்தால் அவரே ரிசீவரை எடுத்து என் கையில் கொடுத்திருப்பார். அக்கா வழி விட்டாள். நான்தான் கையை எடுத்துக்கொண்டு மறுபடி நன்றாக உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் என் மனதில் என்ன இருந்தது என்று பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். நான் எழுந்தால் அணி தோற்கும், மறுபடியும் என் பேர் கெடும் என்ற பயம் இருந்தது. ஆனால் அது மட்டுமில்லை. அப்பா அந்தக் கடிதத்தில் நல்ல குடும்பம் என்று இரண்டு முறை சொல்லியிருந்தார். அவர் பேச்சுக்கு எதிராக நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பத்து நிமிடம் கழித்துப் பேசலாம், கால் மணி கழித்துப் பேசலாம் என்று தள்ளிப்போட அந்த ஆட்டம் எனக்கு வசதியாக இருந்தது.

பதினாறாவது இன்னிங்ஸில் ஷார்ட் ஸ்டாப்பில் தடுக்க நின்றவனின் கையில் பட்டுத் தெறித்த ஒரு சாதாரணப் பந்தில் எங்களுக்கு ஒரு ரன் கிடைத்தது. அதைக் காப்பாற்றிக்கொண்டு ஜெயித்தோம். அண்ணை என்னைத் தோளோடு சேர்த்துத் தூக்கி நிறுத்தினார். எல்லாம் உங்கட இருப்புத்தான் என்றார். என் கால்கள் இரண்டும் மரத்துப்போயிருந்தன. போனுக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

லைன் கிடைக்கும்போது எட்டு முப்பத்தைந்து. மருந்துக் கடைக்காரர்தான் எடுத்தார்.

"என்னய்யா இப்பக் கூப்பிடுற? உங்கப்பா அஞ்சரைக்கே வந்து உக்காந்திட்டாரு. காப்பி குடுத்தா வேணாம்ட்டாரு, குடிக்கிற நேரத்துல மணி அடிச்சிரும்னு. இப்பத்தான் பஸ்ஸுக்குப் போறாரு."

ஓடிப்போய்க் கூப்பிட முடியுமா என்று கேட்டேன். யாரையோ அனுப்பினார். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் டிவியில் எங்கள் ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து, பஸ் போய்விட்டது என்றார்.

அடுத்த ஞாயிறு அப்பாவே போனுக்கு வந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை. சந்தோஷமாக இருந்தார்.

"சொல்லு குடுத்தாச்சுய்யா. நீ பேசலைன்னதும் சரின்னு எடுத்துக்கிட்டேன். வேணாம்னா விடியிறதுக்கு முன்னாடியே கூப்பிட்டிருப்பேல்ல நீ."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கொடுத்த சொல்லைத் திரும்ப வாங்கச் சொல்லி அப்பாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "ஆமாப்பா" என்றேன்.

சீசனின் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் அணி தோற்றது. ஓர் ஆட்ட வித்தியாசத்தில் கலிஃபோர்னியாக்காரர்கள் முதலிடத்துக்குப் போனார்கள். நான் அன்று பேர்லேண்டுக்குப் போகவில்லை, பரீட்சை என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அண்ணை போன் செய்து, உங்கட இடத்தைக் காலியா விட்டதால வந்த வினை இது என்று திட்டினார். நான் சிரித்தேன். ஐப்பசியில் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. என்னால் போக முடியவில்லை. வந்த போட்டோவில் அவள் மாலையோடு நேராகக் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடம் கழித்துப் படிப்பை முடித்து, ஒரு வேலையும் கிடைத்த பிறகுதான் ஊருக்குப் போனேன். சாத்தூரில் தங்கை வீட்டுக்கும் போனேன். மாப்பிள்ளை நல்லவர். அதை நான் ஒளிக்கப் போவதில்லை. கடைக்குப் பின்னால்தான் வீடு. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டாள். முன்னால் கடையில் யாரோ ஏழெட்டு சாமான்களின் விலையைச் சொல்லி மொத்தம் கேட்டார்கள். மாப்பிள்ளை பென்சிலைத் தேடுவதற்குள், இவள் உள்ளேயிருந்து கரண்டியைக் கீழே வைக்காமலே கூட்டிச் சொன்னாள். பிறகு எனக்கு ரசம் ஊற்றினாள்.

"அன்னைக்கு ரொம்ப வேலையாண்ணே?" என்றாள்.

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை.

"ஆமா," என்றேன். "லேப்ல ஒரு டெஸ்ட். விட்டுட்டு வர முடியல."

"அதான் அப்பாகிட்டச் சொன்னேன். அண்ணனுக்கு வேலை இருந்திருக்கும், இல்லேன்னா பேசாம இருக்காதுன்னு." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?"

வைக்கச் சொன்னேன். சாப்பிட்டு முடிக்க வெகுநேரம் ஆனது.

இப்போதும் செப்டம்பர் வந்தால் அண்ணை போன் செய்கிறார். கார்பெட்டை மாற்றியாகிவிட்டது, ஆனால் என் இடத்தில் யாரையும் உட்கார விடுவதில்லை என்கிறார். போகிறேன். நான் ஏன் ஸ்டூல் பக்கமாக, போன் இருக்கிற சுவரோரம் போய் நிற்கிறேன் என்று அவர் கேட்பதில்லை. அவரிடமும் நான் இதுவரை சொல்லவில்லை. இதையெல்லாம் எழுதிவிட வேண்டும் என்று பலமுறை பேப்பரை எடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இதைப் படிக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.