ஆளுக்கு நாலு நாள் மிச்சம்

போன மாதம், ஆடி ஞாயிற்றுக்கிழமையன்று பெரியபாளையத்துக்குப் போனேன். சாமி கும்பிட அல்ல. வயர்மேனைத் தேடி!

எங்கள் கும்மிடிப்பூண்டி ஃபாக்டரிக்குப் புது உலை வரவிருந்த நேரம். அதற்குக் கால அட்டவணை போடும் பொறுப்பு அடியேனுக்கு. சொன்ன தேதியில் உலை எரிந்தால் என் வேலை நிரந்தரம். எரியாவிட்டால்... பழையபடி டைம் ஆபீஸ் ஸ்டூல்.

விடுவேனா? எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று காட்டும், மெட்ராஸில் கற்றுக்கொண்டு வந்த பெர்ட் சார்ட்டைச் சுவர் நிறைய வரைந்து மாட்டினேன். வட்டம், அம்பு, வட்டம், அம்பு – கோலப் போட்டியில் வைத்திருந்தால் முதல் பரிசு எனக்குத்தான்! யார் வேலை எத்தனை நாள் தள்ளிப் போனாலும் பாதகமில்லை என்பதைக்கூடச் சிவப்பு மையில், தமிழிலேயே எழுதினேன். எல்லோருக்கும் புரிய வேண்டும் பாருங்கள்.

புரிந்துவிட்டது. அதுதான் வினை.

முதலில், மோட்டார் பொருத்த வேண்டிய ஃபிட்டர் கன்னியப்பன் பழவேற்காட்டு மாமியார் வீட்டுக்கு மீன் குழம்பு சாப்பிடப் போனார். நாலு நாள்! சார்ட்டே அனுமதிக்கிறதே என்று சும்மா இருந்தேன். அவர் திரும்பி வந்து மோட்டாரை முடித்தார். அடுத்து வயர் இழுக்க வேண்டிய ஏகாம்பரத்தைக் காணோம்.

ஜனப்பன்சத்திரத்தில் பஸ் மாறி, கூட்டத்தில் நசுங்கி, கோயிலருகே ஆளைப் பிடித்தேன். குடும்பத்தோடு பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், எனக்கு நாலு நாள் மிச்சம்னு நீங்கதானே எய்தி மாட்டினீங்க? ஆபீஸ்லயே எய்திப் போட்டப்புறம் ஊட்ல சும்மா வுடுவாங்களா?"

ஐயோ, அந்த நாலு நாள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் ஐயா! முன்னால் இருப்பவர் தின்றுவிட்டால் பின்னால் வருபவருக்குப் பூஜ்யம். எனக்குத் தெரியும். சார்ட்டில் அதை எங்கே எழுதினேன்?

தலையில் கைவைத்து நின்றேன். பக்கத்து அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்த ஒரு மொட்டைத் தலை நிமிர்ந்தது. சந்தனப் பூச்சில் முதலில் அடையாளம் தெரியவில்லை. எங்கள் மேனேஜர்! உலையைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர்.

"எனக்கும்தான் நாலு நாள் போட்டிருந்தீங்க..." என்றார் பரிதாபமாக.

சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். பொங்கல் பிரமாதம்.

உலை தாமதமாகத்தான் எரிந்தது. மேலிடம் காரணம் கேட்டது. மேனேஜர் மொட்டையைத் தடவியபடி 'கனமழை' என்று எழுதினார். நேற்று என் நிரந்தர உத்தரவு கைக்கு வந்துவிட்டது!

மேலிடத்தில் யாரும் தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன் – இந்த ஆடியில் கும்மிடிப்பூண்டியில் ஒரு தூறல்கூட இல்லை.