பலகைக்கு அந்தப் பக்கம்

என் மேசைக்கும் பக்கத்து மேசைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் பலகை நிற்கிறது. பேக்கிங் பகுதியில் கழித்துப் போட்ட துண்டு. ஒரு மூலை ஈரத்தில் ஊதிப் பிரிந்திருக்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடு என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் எடுக்கவில்லை. அதை நிறுத்தியவளைத்தான் அனுப்பிவிட்டார்கள், பலகையாவது இருக்கட்டும்.

ஓசூரில் எங்கள் கம்பெனி அணுமின் நிலையங்களின் தண்ணீர்க் குழாய்களுக்கு வால்வு செய்கிறது. வால்வைத் திறந்து மூடும் தண்டு சரியான பருமனில் இருக்கிறதா என்று மைக்ரோமீட்டரில் அளந்து கையெழுத்துப் போடுவது என் வேலை. ஒவ்வொரு தண்டையும் இரண்டு பேர் தனித்தனியாக அளக்க வேண்டும் என்பது வாங்குகிறவர்கள் போட்ட விதி. மனிதக் கண் தவறும், ஒருத்தி விட்டதை இன்னொருத்தி பிடிக்கட்டும் என்று. நடப்பது வேறு. ஒருத்தி அளந்து சத்தமாகச் சொல்வாள், மற்றவள் அதையே எழுதிக்கொள்வாள். கையெழுத்து இரண்டு, பார்த்த கண் ஒன்று.

பக்கத்து மேசையில் இருந்தவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். மத்தூர்க்காரி. என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்திருப்பாள். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வாடகை அறையில் தனியாக இருந்தேன். வீட்டுக்காரம்மா தெலுங்கு, பஸ்ஸில் பாதிப் பேர் கன்னடம். தமிழில் நாலு வார்த்தை பேச ஆள் கிடைக்குமா என்று கிடந்த எனக்கு நடுவில் முதல் வாரமே இந்தப் பலகையை நிறுத்தினாள் அக்கா. கேன்டீனில் கூப்பிட்டாலும் வேறு மேசைக்குப் போய்விடுவாள். ஒருநாள் பொறுக்காமல் கேட்டே விட்டேன்.

"எங்கூட உக்காந்து சாப்பிட்டா என்னக்கா? சாதி பாக்கியளோ?"

"சாதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன்னோட பழகிட்டா உன் அளவ நம்பிடுவேன்டி. நம்பிட்டா அப்புறம் நான் எங்க அளக்கறது?"

திமிர் பிடித்தவள் என்று நினைத்தேன். சேர்ந்து சிரித்துப் பேசி வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் தப்புச் செய்கிறவர்களா? அந்தக் கோபம் வெகுநாள் இருந்தது. ஆனாலும் பலகைக்கு அந்தப் பக்கம் அவள் மைக்ரோமீட்டரின் மரப்பெட்டியைத் திறக்கும் 'டக்' சத்தம் கேட்டால் எனக்கு ஒரு தெம்பு வரும். நான் விட்டாலும் அங்கே ஒருத்தி பார்க்கிறாள் என்ற தெம்பு. எங்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை அந்தச் சத்தம்தான்.

ஒருநாள் சரக்கு அவசரமாகப் போக வேண்டும் என்று என்னை வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டார்கள். அக்கா தனியாக அளந்தாள். நான் போட வேண்டிய இரண்டாவது கையெழுத்தை, ஒரு தண்டைக்கூடத் தொடாமல் சூப்பர்வைசர் போட்டார். மதிய டீக்குப் பிறகு அக்கா தன் மைக்ரோமீட்டரைச் சரிபார்த்திருக்கிறாள். அது தப்பாகக் காட்டியது. காலையில் வேலை தொடங்கும்போது பார்க்க வேண்டியதை அவசரத்தில் விட்டிருந்தாள். காலையில் அளந்தது எதையும் நம்ப முடியாது. சரக்கு ஏற்றிய லாரி கேட்டில் நின்றது. ஓடிப்போய் அதன் முன்னால் நின்றுகொண்டாள். நாங்கள் எல்லோரும் வெளியே வந்து வேடிக்கை பார்த்தோம்.

"என் அளவு தப்பு சார். வண்டிய நிறுத்துங்க."

"இப்ப இறக்குனா எப்ப ஏத்தறதும்மா? பிளான்ட்ல அவங்களும் ஒருதடவ பாத்துட்டுத்தான் மாட்டுவாங்க" என்றார் சூப்பர்வைசர்.

"நாம பாத்திருப்போம்னு அவங்க நெனச்சுக்குவாங்க சார்."

பெட்டிகளை இறக்கினார்கள். திரும்ப அளந்ததில் சில தண்டுகள் இருக்க வேண்டியதைவிடப் பருமனாக இருந்தன. அவற்றை மாட்டியிருந்தால் வால்வு மூட வேண்டிய நேரத்தில் பாதியில் சிக்கி நின்றிருக்கும். அணு உலையில் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வாரம் கவனக்குறைவு என்று காரணம் சொல்லி அக்காவை வேலையைவிட்டு நீக்கினார்கள். அளக்காமல் கையெழுத்துப் போட்டவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தான் அளக்கவே இல்லை என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, அதனால் தப்பித்தார். அன்று அங்கே நின்ற அத்தனை பேரும் அந்தப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டோம். இப்போது சுவரில் பெரிய எழுத்தில், 'தவறு நடந்தால் தயங்காமல் சொல்லுங்கள்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எவன் சொல்வான்?

கடைசி நாள் மதியம் அக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நேராக என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். களியும் கீரைக் கடைசலும். பாதியைப் பிட்டு என் மூடியில் வைத்தாள்.

"இனிமே உன்ன நம்பினா ஒண்ணும் கெட்டுப்போகாது. சாப்பிடு."

அவள் நிதானமாகச் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு போனாள். இப்போது பேரிகைப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் பூ வெட்டுகிறாளாம். ஒருமுறை போன் செய்தேன். "நல்லாருக்கேன்டி. இங்க முள்ளுதான், வேற தொந்தரவு இல்ல" என்று சிரித்தாள். அதற்கு மேல் பேச இருவருக்கும் வரவில்லை. பேசிப் பழகியிருந்தால்தானே வரும்.

அந்த மேசைக்கு இப்போது புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். கெலமங்கலத்துப் பெண், கலகலப்பானவள். நேற்று பலகைக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கு எவ்ளோ வந்துச்சு?"

நான் அளவுத் தாளைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?"

பின்னால் பேக்கிங்கில் இருந்தவர்களிடம், "இதுக்கு ரொம்பத்தான் திமிரு" என்றாள். அவர்கள் சிரித்தார்கள். மதியம் அவளோடு உட்கார்ந்து சாப்பிட எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு என் எண்ணை எழுதினேன். பலகைக்கு அந்தப் பக்கம் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு மரப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.