மனுக்காரி வாய் திறக்காத நாள்

கூடப் படித்தவர்கள் எல்லோரும் கணக்கு, கம்ப்யூட்டர் என்று ஓடியபோது, அவள் மட்டும் மக்களைத் திரட்டி உரிமை கேட்கச் சொல்லித்தரும் படிப்பில் போய்ச் சேர்ந்தாள். "காசு கட்டி ஊர் வம்பை விலைக்கு வாங்கறா" என்று அவள் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள். படிப்பு முடிந்ததும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. எப்போது பார்த்தாலும் கையில் ஒரு மனு. மனுக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பல்கலைக்கழகத்தில் அவள் வேதமாக எடுத்துக்கொண்டது ஒரே விதியைத்தான்: மக்களுக்காக நீ பேசாதே, அவர்களையே பேசவை. நல்ல விதிதான், யார் இல்லை என்றது? அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்று மட்டும் அங்கே யாரும் பரீட்சையில் கேட்கவில்லை.

பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்த டயாலிசிஸ் பிரிவை, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. அதற்கு முன் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம். மனுக்காரி தையல்காரம்மாவைப் பேசச் சொன்னாள். அவர் வீட்டுக்காரருக்கு வாரம் மூன்று தடவை அங்கேதான் ரத்தம் சுத்தம் செய்தார்கள்.

"நாலு பேர் முன்னாடி நின்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும்மா. படிச்ச பொண்ணு, நீயே பேசிடேன்."

"நான் பேசினா யாரு கேப்பாங்க? நீங்க பேசினாத்தான்க்கா எடுபடும்."

இரண்டு வாரம் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பழக்கினாள்.

கூட்டத்தில் தையல்காரம்மா மைக்கைப் பிடித்து "வணக்கம்" என்றார். அதோடு சரி. மூன்று நிமிடமும் அப்படியே நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தார். அவரை நம்பி வந்திருந்த மற்ற நோயாளிகளின் வீட்டார் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"வேற யாராவது பேசறீங்களா?" அதிகாரி இரண்டு முறை கேட்டார்.

எத்தனை நோயாளிகள், எத்தனை மைல் என்று எல்லாம் மனுக்காரியின் மடியில் இருந்தது. எழுந்திருக்கக் கால் துடித்தது. எழவில்லை. விதி ஒரு பக்கம். 'மக்களே பேசினார்கள்' என்று அறிக்கையில் எழுதும் ஆசை இன்னொரு பக்கம். அந்த ஆசையைப் பற்றி அவள் பிற்பாடு யாரிடமும் மூச்சு விடவில்லை. கூட்டக் குறிப்பில் 'ஆட்சேபணை இல்லை' என்று ஏறிவிட்டது.

அப்புறம் அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. எல்லா இடத்திலும் அந்த ஒரு வரியைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். டயாலிசிஸ் பிரிவு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. தையல்காரம்மாவின் வீட்டுக்காரர் பஸ் ஏறி இறங்கியே ஓய்ந்துபோனார். வாரத்தில் ஒரு நாளை விட்டார், பிறகு இரண்டு. நாலாவது மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மனுக்காரி துக்கம் கேட்கப் போனாள். தையல்காரம்மா மெஷின்மேல் கிடந்த துணியை ஒதுக்கி, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. கடிகாரத்தைப் பாத்துக்கோ."

சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அவர் பேச ஆரம்பித்தார். வணக்கம், என் வீட்டுக்காரருக்கு வாரம் மூணு தடவை... ஒரு வார்த்தை பிசகவில்லை. குரல்கூட உடையவில்லை. முடித்துவிட்டுத் திரும்பினார்.

"மூணு நிமிஷத்துக்குள்ள வந்துச்சா?"

"வந்துச்சுக்கா" என்றாள் மனுக்காரி.