இரண்டு பக்கமும் கோல் காத்த நிக்கலஸ்

நியூசிலாந்தில், ஒக்லாந்தில் பத்துத் தமிழரிடம் நிக்கலஸைப் பற்றிக் கேட்டால் பதினொரு கதை வரும். எல்லாம் களவுக் கதை. காசு வாங்கினானாம், கார் வாங்கினானாம், வேண்டுமென்று கோல் விட்டானாம். சொல்கிறவர்களில் பாதிப்பேர் அன்று மைதானத்துக்கே வரவில்லை. நான் வந்திருந்தேன். அதனால் என் வாயை யாரும் அடைக்க முடியாது.

நிக்கலஸ் மன்னார் ஆள். ரயர் கடையில் வேலை. நாள் முழுக்கக் குனிந்து நின்று கார்ச் சில்லுக் கழற்றிவிட்டு வருகிறவனுக்கு முதுகு நிமிராது, வாயும் திறக்காது. குடியில்லை, சீட்டில்லை, கலியாண வீட்டுக்குப் போனாலும் மூலையில்தான் இருப்பான். ஆனால் சனிக்கிழமை காலில் அந்தத் தடித்த காப்புகளைக் கட்டி, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கோலுக்கு முன்னால் நின்றால் ஆளே வேறு. ஒருநாள் நான் கொடுத்த ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டு, "இந்த ஹொக்கி இல்லாட்டி இந்த நாட்டில எனக்கு என்னக்கா இருக்கு?" என்று கேட்டான். அதுதான் அவன் என்னிடம் பேசிய மிக நீண்ட பேச்சு.

அப்போது அவன் எங்கள் ஏவன்டேல் தமிழர் கழகத்துக்குத்தான் விளையாடினான். அணித்தலைவர் என் கணவர் நவரத்தினம். இவர் கடையில் சீனி வாங்கினாலும் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்து, உப்பில்லை என்று உறுதிப்படுத்துகிற மனிதர். இந்தக் கதைக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

தொண்ணூற்று நாலில் நிக்கலஸின் மனைவி றோஷினிக்குப் பக்குரங்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. குடும்பம் அங்கே வாடகைக்குப் போனது. வேலை முடிந்து அங்கிருந்து எங்கள் பயிற்சிக்கு வருவதென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். பக்கத்திலேயே கோதண்டராமன் நடத்துகிற பக்குரங்காத் தமிழ் அணி இருந்தது. கோதண்டராமன் தமிழ்நாட்டுக்காரர், கம்ப்யூட்டர் வியாபாரம், எங்களுக்குப் பரம எதிரி. நிக்கலஸ் என் கணவரிடம் நேரே வந்து, "அண்ணை, நான் அங்க விளையாடப் போறன், குறை நினையாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அவ்வளவுதான். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தையில் முருங்கைக்காய் வாங்கப் போனால் ஒவ்வொரு கடையிலும் இதே கதை.

"கோதண்டராமன் கார் வாங்கிக் குடுத்தவராம்."

"வீட்டு வாடகையும் அவர்தானாம் கட்டுறது."

அந்தக் காரை நான் பார்த்தேன். சாரதிப் பக்கக் கதவு திறக்காது. மற்றப் பக்கத்தால் ஏறி நகர்ந்து போக வேண்டும். கோதண்டராமன் கொடுத்திருந்தால் எல்லாக் கதவும் திறக்கிற காராகக் கொடுத்திருக்க மாட்டாரா? கேட்டேன். "உனக்கு உலகம் விளங்காது சுந்தரி, அது கண்துடைப்பு" என்றார் இவர்.

இவருடைய உண்மையான பயம் வேறு. ஹொக்கியில் கோனர் என்று ஒன்று உண்டு. எதிரணி தன் கோலுக்குக் கிட்டப் பிழை விட்டால் எங்கள் ஆள் ஒருவன் கோல் கோட்டிலிருந்து பந்தை வெளியே தள்ளிவிடுவான், அங்கே நிற்கிற மற்றவன் கோலை நோக்கி அடிப்பான். எந்தப் பக்கம் அடிப்பது என்பதை இவர் முதலே கத்திச் சொல்வார். வெள்ளைக்காரருக்கு விளங்காமல் இருக்க ஊர் ரெயில் நிலையங்களின் பெயர்களை வைத்திருந்தார். பளை என்றால் கோல்காப்பாளனின் இடப்பக்கம். மீசாலை என்றால் வலப்பக்கம். நாலு வருடம் அந்தக் குறியைக் கேட்டு வளர்ந்தவன் இப்போது எதிரியின் கோலில் நிற்கிறான்!

தமிழர் கிண்ண இறுதி ஆட்டத்தில் எங்களுக்கும் பக்குரங்காவுக்கும்தான் போட்டி. முதல்நாள் இவர் ஆட்களைக் கூப்பிட்டு, "அவன் எல்லாத்தையும் சொல்லியிருப்பான். நாளைக்கு நான் பளை எண்டு கத்துவன், நீங்கள் வலப்பக்கம் அடியுங்கோ. துரோகி தன்ர துரோகத்தாலேயே விழட்டும்" என்றார். நான் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தேன். அவன் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒருவரும் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மறுநாள் முதல் கோனர். இவர் தொண்டை கிழிய "பளை!" என்றார். பந்து வலப்பக்கம் பறந்தது. நிக்கலஸ் இடப்பக்கம் அசையவேயில்லை. அடிக்கிற தடியையே பார்த்துக்கொண்டு நின்று, வலது காலால் பந்தை உதைத்து வெளியே விட்டான். இரண்டாவதும் அப்படியே. இவர் முகம் கறுத்துவிட்டது. அவனை விட்டுவிட்டுச் சொந்த ஆட்களை ஒவ்வொருவராக முறைக்கத் தொடங்கினார். "எங்கட ஆளில எவனோ புதுக்குறியைச் சொல்லிப்போட்டான்!" என்று என் பக்கம் வந்து பல்லைக் கடித்தார். உண்மையைச் சொன்னால் அந்த நிமிடம் எனக்கும் எங்கள் ஆட்களில் ஒரு சந்தேகம் வந்தது.

ஆட்டம் முடியப்போகிற நேரம் மூன்றாவது கோனர். தடுத்த பந்து நிக்கலஸின் முன்னால் துள்ளியது. பக்குரங்காவின் பின்வரிசைக்காரன் சரத் ஓடிவந்தபடி, "விடு! என் பந்து! விடு!" என்று கத்தினான். மைதானத்துக்கு வெளியே தெருவில் நின்றவனுக்கே கேட்டிருக்கும். நிக்கலஸ் விடவில்லை. இருவரும் மோதி விழுந்தார்கள். பந்து தன்பாட்டில் உருண்டு கோலுக்குள் போனது. நாங்கள் வென்றோம்.

நான் ஐஸ் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னே கோதண்டராமன் நின்றார்.

"சரத் அவ்ளோ சத்தமா கத்துறான், உனக்குக் கேக்கலையா? இல்ல, பழைய டீமுக்காகக் கேக்காத மாதிரி இருந்தியா?"

மற்றப் பக்கம் இவர். "எவன்ரா உனக்குப் புதுக்குறியைச் சொன்னவன்? பேரைச் சொல்லு!"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான். நிக்கலஸ் இரண்டு வாய்களையும் மாறிமாறிப் பார்த்தான். நான் அவன் தலைக்கவசத்தைக் கழற்றினேன். அவன் இரண்டு காதுக்குள்ளும் விரலை விட்டு, பஞ்சை இழுத்து எடுத்தான்.

"இப்ப சொல்லுங்கோ அண்ணை. என்ன கேட்டனீங்கள்?"

இரண்டு பேரும் பஞ்சையே பார்த்தார்கள். அவனே சொன்னான்: "பளை எண்டு உங்கட குரல் கேட்டா என்ர கால் தன்பாட்டில இடப்பக்கம் போயிடும். அது களவெல்லோ. அதுதான் அடைச்சனான்."

ஐயோ, எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பஞ்சை நான் கையில் வாங்கினேன். வேர்வையில் ஊறிக் கனத்துப்போய் இருந்தது.

கோதண்டராமனுக்கு அழுகை வரவில்லை. "எங்களுக்கு ஆட வந்துட்டு அவங்களுக்காகக் காதை அடைச்சியா? எங்களுக்குச் செவிட்டுக் கீப்பர் வேண்டாம். இனிமே வராதே" என்றார். இவரோ வீடு வரும்வரை ஒரே பாட்டு: "எல்லாம் நடிப்பு. விழுந்து கிடக்கேக்க பஞ்சை வச்சிருப்பான்." கையில் வாங்கினவள் பக்கத்தில் இருக்கிறேன், என்னிடமே சொல்கிறார்!

அடுத்த வருடம் எங்களுக்கு நல்ல கோல்காப்பாளன் அகப்படவில்லை. பயிற்சி ஆட்டங்களில் வாங்கிய அடியில் இவருக்கு ஞானம் பிறந்தது. ஒரு கேக்கையும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு பக்குரங்காவுக்குப் போனார். நிக்கலஸ் கதவைத் திறந்தான். மெலிந்திருந்தான். சனிக்கிழமைகளிலும் இப்போது ரயர் கடைக்குப் போகிறானாம். றோஷினி தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"தம்பி, நடந்தது நடந்துபோச்சு. எங்களட்டைத் திரும்பி வா. ஏத்தி இறக்க நான் கார் அனுப்புறன்" என்றார் இவர்.

நிக்கலஸின் முகத்தைப் பார்க்க வேண்டும்! சனிக்கிழமை முகம். "உண்மையாவோ அண்ணை?" என்றான். றோஷினி அடுப்படி வாசலில் நின்று சிரித்தாள். எனக்கும் ஒரு பாரம் இறங்கியது.

இவர் கேக்கில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். கதிரையை முன்னுக்கு இழுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அதுசரி, பக்குரங்காக்காரர் கோனருக்கு என்ன குறி வச்சிருக்கிறாங்கள்?"

நிக்கலஸ் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அண்ணை, இதைத்தானே நான் செய்தனான் எண்டு ஊர் முழுக்கச் சொன்னனீங்கள்?"

சத்தம் போடவில்லை, கேட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் வரேல்லை அண்ணை. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ" என்றான் நிக்கலஸ். றோஷினி எங்கள் கேக்கைப் பெட்டியில் திரும்ப வைத்து என் கையில் தந்தாள்.

காரில் ஏறியதும் இவர் கண்ணாடி வழியாக அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தியே சுந்தரி? சொல்லமாட்டானாம். அவன் இன்னும் அவங்கட ஆள்தான்."

"காரை நிப்பாட்டுங்கோ" என்றேன். பக்குரங்கா பிளாசாவுக்கு முன்னால் இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.